புல் வளர்வது ஐப்பசியில், காய்வது தையில்: ஒரு காணி கொழுக்கட்டைப் புல், நிகழ்வு ஆய்வு

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் மாட்டுக்குப் புல் போட்டிருக்கிறோம் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது கம்பு நேப்பியர்தான். கோ 4, கோ 5 ரகத் தண்டுக் கரணையை வாங்கி, போர்வெல் தண்ணீர் பாய்ச்சி, 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கிறார்கள். பச்சைத் தீவனம் என்றால் அதற்கு ஈடு கிடையாது. தண்ணீர் இல்லாத மேட்டு நிலத்தில் என்ன செய்வது, மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லைக் கோடைக்கு எப்படிச் சேர்த்துவைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் நேப்பியரிடம் பதில் இல்லை. அதன் தண்டு விரல் கனம், உள்ளே தண்ணீர். இலை நொறுங்கிப் பொடியாகும் வரை வெயிலில் கிடந்தாலும் தண்டின் நடு ஈரமாகவே இருக்கும். அதைக் கட்டிப் போட்டால் பத்து நாளில் கட்டுக்குள் வெள்ளைப் பூஞ்சணம் படரும்.

உலர்புல்லுக்கும் மேய்ச்சலுக்கும் ஒருசேர உதவுவது கொழுக்கட்டைப் புல். காங்கேயத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், காலங்காலமாக இருப்பது இதுதான். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நீலக் கொழுக்கட்டையும் இந்த இனமே. தண்டு மெல்லியது, தூர் கட்டும், வேர் ஆழமாக இறங்கும், ஒருமுறை பிடித்துவிட்டால் ஐந்தாறு வருடம் நிற்கும். கொறங்காட்டு முறையை அப்படியே கொண்டுவந்து கடலூர்ச் செம்மண்ணில் வைத்தால் மட்டும் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று வடிகால், மற்றது நாள்காட்டி. இந்த ஆய்வில் முக்கால்வாசி இந்த இரண்டைப் பற்றியதுதான்.

எடுத்துக்கொண்ட நிலம்

ஒரு காணி. இந்தப் பக்கக் கணக்கில் நூறு குழி, அதாவது 132 சென்ட், ஏறக்குறைய 53.5 ஆர். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்திலும் புதுச்சேரியை ஒட்டிய செம்மண் மேடுகளிலும் இப்படி மானாவாரித் துண்டுகள் நிறைய உண்டு. ஒரு பக்கம் முந்திரி, ஒரு பக்கம் பலா, நடுவில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டுப் போட்டு அலுத்துப்போன தரை. வீட்டில் இரண்டு கறவை. கோடையில் கழனிப் பக்கத்திலிருந்து வைக்கோல் வாங்குகிறார்கள். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு காணிக்கும் இரண்டு மாட்டுக்கும் போட்ட கணக்கு. வேறு அளவு நிலத்துக்கு வகுத்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

களிமண் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புல் வேண்டாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களியிலும் பாகூர் ஏரிப் பாசனத்து வயலிலும் ஐப்பசியில் தண்ணீர் நின்றால் வாரக்கணக்கில் நிற்கும். கொழுக்கட்டைப் புல் தாங்காத ஒன்று உண்டென்றால் அது தேங்கிய தண்ணீர்தான். அங்கே எருமைப்புல் வைத்துப் பச்சையாக அறுத்துப் போடுவதே சரி, காயவைக்கும் ஆசை வேண்டாம். தென்னைக்கும் முந்திரிக்கும் அடியில் நிழல் விழும் இடமென்றால் கினியா புல். இனிப் பேசப்போவது திறந்த செம்மண் மேட்டை மட்டும்.

முதலில் வடிகால்

காங்கேயம் பக்கம் ஆண்டு மழை கடலூரில் பெய்வதில் பாதி அளவுதான். அங்கே கவலை தண்ணீர் போதாதது. இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. செம்மண் மேடுதானே, நிற்காமல் ஓடிவிடும் என்று நினைத்தால் தவறு. இந்த மண்ணில் பல இடங்களில் ஓரிரு அடிக்குக் கீழே செம்புறாங்கல் இறுகிக் கிடக்கும். மேல் மண் குடித்த தண்ணீர் அதன் மேல் நின்றுவிடும். மேலே காய்ந்த மாதிரி தெரியும் நிலத்தில் மண்வெட்டியால் ஓர் அடி தோண்டினால் ஊறும். புல் மஞ்சளாகித் தூர் அழுகுவது அந்த இடத்தில்தான்.

ஆகவே விதைக்கு முன் வேலை மண்வெட்டிக்கு. சரிவைப் பார்த்து 10 முதல் 12 மீட்டருக்கு ஒரு வாய்க்கால், ஓர் அடி ஆழம், கடைசியில் ஓடையிலோ குட்டையிலோ போய்ச் சேரும்படி. நிலத்தில் குழிந்த மூலை இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அதை நிரப்பிச் சமன் செய்கிறேன் என்று மேல் மண்ணை வழித்துப் போட்டால், வழித்த இடத்தில் செம்புறாங்கல் வெளியே வந்துவிடும்.

மண் பரிசோதனையில் பி.எச். அளவையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கட்டாயம் பார்க்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணை விரும்பும். இங்குள்ள செம்புறை மண்ணோ பல இடங்களில் புளிப்புத் தன்மை கொண்டது, போட்ட மணிச்சத்தைப் பூட்டிவைத்துக்கொள்ளும். பி.எச். 5.5க்குக் கீழே வந்தால் பரிசோதனை அட்டையில் சொல்லும் அளவுக்கு வேளாண் சுண்ணாம்பைத் தூவி, விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே உழுதுவிட வேண்டும். நாற்று மூன்று இலையில் ஊதா நிறம் ஏறி அப்படியே நின்றுவிட்டால் ‘விதை சரியில்லை’ என்பார்கள். பெரும்பாலும் பசி மணிச்சத்துக்குத்தான்.

அடியுரம்: இரண்டே முக்கால் டன் மக்கிய தொழு உரம் கடைசி உழவில். ஹெக்டேருக்கு 25, 40, 20 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து என்பது பரிந்துரை. காணிக்கு அது யூரியா 29 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 134 கிலோ, பொட்டாஷ் 18 கிலோ. சூப்பரை வீசி இறைக்காமல் வரிசைக் கீற்றில் விதைக்குப் பக்கத்தில், விதையைத் தொடாமல் போட்டால்தான் இந்த மண்ணில் நாற்றுக்குப் போய்ச் சேரும்.

விதை

இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். கொழுக்கட்டைப் புல் விதை என்பது தனி மணி அல்ல. முடியும் பஞ்சுமாக இருக்கும் சிறு கொத்து. புதிதாக உதிர்த்த கொத்தில் உறக்கம் உண்டு, ஆறு எட்டு மாதம் ஆகாமல் ஒழுங்காக முளைக்காது. போன பருவத்து விதையாக வாங்க வேண்டும். வாங்கியதும் நூறு கொத்தை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி, ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முப்பதுக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். நெல், உளுந்து கணக்கில் எண்பதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். முப்பதுக்குக் குறைந்தால் அந்த அளவுக்கு விதையைக் கூட்டுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள்.

காணிக்கு மூன்று முதல் நான்கு கிலோ போதும். ஒரு சத பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம், 48 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் உறக்கம் கலைந்து ஒரே சீராக முளைக்கும். பஞ்சு விதை காற்றில் பறக்கும், கையில் ஒட்டும். ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு ஈர மணல் கலந்து பிசைந்தால் கைக்கு அடங்கும்.

வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. கீற்று அரை விரல்கடை ஆழம் இருந்தால் போதும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் முளை மேலே வராது. மண்வெட்டியால் மூடக்கூடாது. கருவேலங்கிளை ஒன்றை மேலே இழுத்துவிட்டாலே மண் தொட்டும் தொடாமலும் மூடிக்கொள்ளும். காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தால் எறும்பு வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு நல்ல மழை பெய்து மேல் மண் ஈரமான மறுநாளே விதைக்க வேண்டும்.

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனம் போட்டால் கட்டின் புரதம் உயரும், தழைச்சத்துச் செலவும் குறையும். காணிக்கு ஒன்றேகால் கிலோ விதை. தோல் கெட்டி என்பதால் 80 டிகிரி வெந்நீரில் நான்கைந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். அளவு பார்க்கக் கருவி இல்லையென்றால், கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி நான்கு நிமிடம் ஆறவிட்டு ஊற்றலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விதை வெந்துவிடும்.

எப்போது விதைப்பது

வடகிழக்குப் பருவமழைதானே இங்கே பெரிய மழை, ஐப்பசியில் விதைப்போம் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதுதான் தவறு. ஐப்பசி மழையின் வேகத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் பஞ்சு விதை வாய்க்காலுக்குப் போய்விடும். போகாதது மண் ஆடை மூடி அடியில் மாட்டிக்கொள்ளும். மிஞ்சி முளைத்த நாற்றைக் கோரையும் பார்த்தீனியமும் தாண்டிப் போய்விடும். ஆடிக் கடைசியில் விதைத்தால், ஆவணி புரட்டாசியில் மாலை நேரத்து இடிமழையிலேயே நாற்று வேர் பிடித்துத் தூர் கட்டிவிடும். ஐப்பசி வரும்போது மண்ணை அது பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மழைக்கு நடுவே இடைவெளி பத்துப் பன்னிரண்டு நாளைத் தாண்டினால் ஒருமுறை மட்டும் தெளிப்புத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றலாம்.

முதல் களை 20ஆம் நாள், இரண்டாவது 40ஆம் நாள். சின்ன வயதில் புல் நாற்றும் களைப் புல்லும் ஒன்றுபோல இருக்கும். வரிசையில் விதைக்கச் சொன்னதே இதற்காகத்தான், வரிசைக்கு வெளியே நிற்பதெல்லாம் களை. பார்த்தீனியத்தை ஒரு செடி விடாமல் வேரோடு பிடுங்க வேண்டும். பச்சையில் மாடு அதை ஒதுக்கிவிடும். உலர்ந்த கட்டுக்குள் போனால் ஒதுக்கத் தெரியாது, பாலில் கசப்பு ஏறும். நெருஞ்சியும் அப்படியே, காய்ந்த முள் நாக்கைக் கிழிக்கும். அருகம்புல் இருந்தால் இருக்கட்டும்.

விட்டுப்போன இடங்களைப் புரட்டாசியில் தூர் பிரித்து நட்டு நிரப்பலாம். நன்றாகத் தூர் கட்டிய ஒரு செடியைப் பிடுங்கினால் பத்துப் பதினைந்து வேர்த்துண்டு கிடைக்கும். மேல் இலையை நான்கு விரல்கடைக்குக் கத்தரித்துவிட்டு நட வேண்டும்.

நாள்காட்டியைத் தலைகீழாகப் போடுவது

விதைத்த 70, 75ஆம் நாள் முதல் அறுப்பு. ஆகஸ்ட் 10 வாக்கில் விதைத்தால் அது அக்டோபர் 20 தாண்டி வரும், ஐப்பசித் தொடக்கம். புல் இடுப்பளவு நிற்கும், பார்க்கக் கண் நிறையும். அப்போதே காயவைத்தால் என்ன என்று தோன்றும். ஐப்பசியில் நான்கு நாள் தொடர் வெயிலை யாராலும் உறுதி சொல்ல முடியாது. அறுத்துப் பரப்பிய புல் மேல் மூன்று நாள் மழை பெய்தால் கரையக்கூடிய சத்தெல்லாம் கழுவிப்போய் மிஞ்சுவது நார் மட்டும். இந்த அறுப்பு முழுக்கப் பச்சையாகவே மாட்டுக்குப் போக வேண்டும்.

கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மழை ஓய்ந்து, நிலத்தில் மட்டும் ஈரம் மிச்சமிருக்கும் காலம் தை. ஜனவரி 25ஐ ஒட்டி உலர்புல் அறுப்பு என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் புல் இளம் பூக்கதிர் நிலையில் இருக்க வேண்டுமென்றால் அதற்கு 45 முதல் 50 நாள் முன்பு, டிசம்பர் 5 முதல் 10க்குள், கார்த்திகைக் கடைசியில் ஒரு பச்சை அறுப்பு நடந்திருக்க வேண்டும். இந்தக் கார்த்திகை அறுப்பைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். மழை, சேறு, ஆள் வரவில்லை, மாடும் ஏற்கெனவே பச்சை தின்று சலித்திருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். தையில் போய் நின்றால் புல்லுக்கு வயது 90 நாள். விதை உதிர்ந்து, தண்டு மரமாகி, அடி இலை பழுத்திருக்கும். காயவைத்தால் நன்றாகவே காயும், கட்டும் நிறைய வரும். புரதம் மட்டும் ஏறக்குறைய நெல் வைக்கோல் அளவுக்கு இறங்கியிருக்கும். பூக்கதிர் எட்டிப் பார்க்கும்போது ஏழெட்டு சதம் இருக்கும் புரதம், விதை முற்றியபின் நான்கு ஐந்துக்கு வந்துவிடும். நாம் பாடுபட்டு வளர்த்தது வைக்கோல்தான் என்றால் அதைக் கழனிக்காரரிடமே வாங்கியிருக்கலாம்.

மாடு தின்னாவிட்டாலும் கார்த்திகையில் அறுக்க வேண்டும். மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், பலா மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். ஃபெஞ்சல் வந்த வருடம் போல டிசம்பர் முதல் வாரத்தில் நிலத்தில் கால் வைக்கவே முடியாமல் போனால், கால் வைக்க முடிந்த முதல் நாளில் அறுத்துவிட்டு உலர்புல் அறுப்பைப் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். மண் ஈரம் குறைந்திருக்கும், விளைச்சலும் குறையும், தரம் கெடாது.

தையும் பொய்க்கும். 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது நினைவிருக்கும். புல்லில் ஒரு வசதி, நெல்லைப் போல நாளுக்குக் கட்டுப்பட்டதல்ல. வானிலை அறிக்கையில் நான்கு நாள் தெளிவாகத் தெரியும் வரை பத்து நாள் தள்ளலாம். அதற்கு மேல் தள்ளினால் பூக்கதிர் முற்றும்.

இரண்டாவது உலர்புல் அறுப்பு ஒன்று எல்லா வருடமும் கிடைக்காது, கிடைத்தால் அதுதான் சிறந்தது. சித்திரை வைகாசியில் கோடை மழை இரண்டு விழுந்தால் தூர் துளிர்க்கும். ஆனியில் மேல்காற்று அடிக்கும்போது அறுத்தால் இரண்டே நாளில் பச்சை நிறம் மாறாமல் காய்ந்துவிடும். அளவு தை அறுப்பில் பாதி கூட வராது.

அறுத்துக் காயவைத்தல்

பரிந்துரை நூல்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் பசும்புல் என்று இருக்கும். காணிக்கு அது 21 டன். மானாவாரியில் மூன்றில் இரண்டு பங்கு, 14 டன் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நான்கு அறுப்பாகப் பிரித்தால் ஒரு அறுப்புக்கு மூன்றரை டன்.

பூக்கதிர் எட்டிப் பார்க்கும் கொழுக்கட்டைப் புல்லில் சுமார் 30 சதம் உலர்பொருள். கட்டும்போது ஈரம் 15 சதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படியென்றால் ஒரு டன் பசும்புல் 350 கிலோவாகச் சுருங்க வேண்டும். இலை உதிர்வும் சிதறலும் போக 300 கிலோ கைக்கு வரும். மூன்றரை டன்னிலிருந்து 2,200 லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் போக வேண்டும். கம்பு நேப்பியராக இருந்தால் டன்னுக்கு 200 கிலோ கட்டுகூடத் தேறாது, போகவேண்டிய தண்ணீரும் அதிகம்.

இவ்வளவு தண்ணீரையும் களத்தில் போட்டு வெளியேற்ற முடியாது. மூன்றரை டன்னை ஐந்து சென்ட் களத்தில் கொட்டினால் சதுர மீட்டருக்கு 17 கிலோ, முழங்கால் உயரக் குவியல். அடிப்புல் மூன்றாம் நாளே சூடேறிப் புளித்த வாடை அடிக்கும். அறுத்த நிலத்திலேயே விட்டால் அதே புல் சதுர மீட்டருக்கு 650 கிராம். தை மாதத்தில் களத்தில் நெல்லும் இடம் கேட்கும், அதனுடன் மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். அறுத்த தூரின் அடிக்கட்டை மேலேயே புல் கிடந்தால் அடியில் காற்றோடும். அதற்காகவும், தூர் பிழைப்பதற்காகவும், தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் முதலில் மகிழ்ச்சி, அடுத்த அறுப்பில் வழுக்கை. பிரஷ் கட்டரில் நைலான் கயிறு புல்லைக் கிழித்துச் சிதறடிக்கும். தகடு போடுங்கள், அல்லது கருக்கரிவாளே போதும்.

தையில் காலைப் பனி கனமாக இறங்கும். கடற்காற்றிலும் ஈரம். பனி உலர்ந்தபின், காலை ஒன்பது வாக்கில் அறுக்கத் தொடங்கி, அறுத்த புல்லைக் கையோடு உதறிப் பரப்ப வேண்டும். மதியம் ஒருமுறை கவைக் கம்பால் புரட்ட வேண்டும். மாலை ஐந்துக்கு முன்பே இரண்டடி உயரச் சிறு குவியல்களாகக் கூட்டிவிட வேண்டும், பனி குவியலின் மேல்தோலோடு நின்றுவிடும். மறுநாள் ஒன்பதரைக்குக் கலைத்துப் பரப்புங்கள். முயல் மசால் கலந்திருந்தால் புரட்டும் வேலை காலையில், இலையில் லேசாக ஈரப்பதம் இருக்கும்போதே. நடுப்பகலில் புரட்டினால் இலை உதிர்ந்து குச்சி மட்டும் கையில் வரும். மூன்றாவது, நான்காவது நாள் தயார்.

கட்டும் நேரம் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள். அந்த மூன்று மணி நேரம்தான் கடலோரக் காற்று உள்ளதில் வறட்சியானது. காலையில் சரசரக்காத புல் மதியம் சரசரக்கும், ஆறு மணிக்குத் திரும்பவும் துவண்டுவிடும். காய்ந்துவிட்டதென்று மாலை வரை ஆற அமரக் கட்டிக்கொண்டிருந்தால் கடைசி இருபது கட்டு ஈரக் கட்டாகிவிடும். பின்னால் அடுக்கும் புல் போருக்குள் சூடேறுவது அவைதான்.

ஈரம் பார்க்க மூன்று வழி. அறுத்த அன்றே சரியாக ஒரு கிலோ புல்லை வலைப்பையில் போட்டு, மற்ற புல்லோடு சேர்த்தே பரப்பிக் குவித்து வாருங்கள். 350 கிராமுக்கு வந்தால் கட்டலாம். இரண்டாவது, ஒரு பிடியை எடுத்து முறுக்கினால் தண்டு ஒடிய வேண்டும், கணுவை நகத்தால் கீறினால் ஈரம் தெரியக்கூடாது. மூன்றாவது உப்புச் சோதனை: காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் நறுக்கிய புல் ஒரு பிடி, நன்றாக உலர்ந்த தூள் உப்பு ஒரு தேக்கரண்டி, மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் ஈரம் 15 சதத்துக்குக் கீழே. கட்டி தட்டினாலோ பாட்டிலில் ஒட்டினாலோ இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

நெல் வைக்கோல் கட்டும் இயந்திரம் தை மாசியில் இந்தப் பக்கமெல்லாம் வாடகைக்குச் சுற்றும். ஒரு காணிப் புல்லுக்காக மட்டும் வரமாட்டார்கள், பக்கத்து வயலுக்கு வரும் நாளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வரிசை வரிசையாகக் கூட்டிவைத்தால்தான் இயந்திரம் வாரும். கையால் கட்டுவதானால் 15 கிலோ கட்டாக எழுபது கட்டு வரும்.

போர்

சுமார் ஒரு டன் உலர்புல்லைக் கட்டாமல் போராக அடுக்கினால் 10 அடிக்கு 10 அடித் தளமும் ஆறடி உயரமும் வேண்டும். தரையில் நேரடியாகப் போடக்கூடாது. பனந்துண்டோ கருங்கல்லோ வைத்து, அதன் மேல் சட்டம் போட்டு, ஒன்றரை அடியாவது உயர்த்த வேண்டும். தென்பெண்ணை, கெடிலம் ஓரத்து ஊர்களில் போன வெள்ளம் சுவரில் எங்கே கறை விட்டதோ அதற்கும் மேலே. மேலே கூரை இருந்தால் சிறப்பு. தார்ப்பாய்தான் என்றால் அது புல்லைத் தொடக்கூடாது. நடுவில் கம்பு கொடுத்துத் தூக்காவிட்டால் பாயின் அடியில் வியர்த்து மேல் ஓரடி கறுத்துவிடும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஓட்டுக் கூரைகளே பறந்த ஊர்கள் இவை. போரின் மேல் வைக்கோற்பிரி போட்டுக் கல் தொங்கவிடும் பழைய முறையை விட்டுவிட வேண்டாம்.

அடுக்கிய முதல் மூன்று வாரம் கவனம் வேண்டும். நீளமான இரும்புக் கம்பியை நடுப்போருக்குள் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். இதமான சூடு இருந்தால் தினமும் பார்த்துவரலாம். கையில் பிடிக்க முடியவில்லை என்றால் அன்றே கலைத்துப் பரப்ப வேண்டும். ஈரக் கட்டு போருக்குள் தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும், புகை வாடை வந்தபின் பிரித்தால் காற்றுப் பட்டுக் குபீரென்று பற்றிவிடும். அந்த நிலையில் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கட்டை வெயிலில் உதறிவிட்டுப் போடலாம் என்ற பழக்கம் வேண்டாம். தூள் போகும், நஞ்சு போகாது. பூஞ்சண நஞ்சு பாலில் வெளிவரும், சினைமாட்டுக்கு ஆபத்து. அது முந்திரி மரத்தடிக்கு மூடாக்கு. நல்ல கட்டு வெளிர்பச்சையாக இருக்கும், முகர்ந்தால் புதுப் புல்லின் வாசனை வரும். பழுப்பேறிக் கருப்பட்டி வாசனை அடித்தால் சூடேறியது என்று பொருள். மாடு ஆசையாகத் தின்னும், புரதம் செரிக்காது.

உரத்திலும் ஒரு கவனம். ஒவ்வொரு பச்சை அறுப்புக்குப் பின்பும் ஈரமிருக்கும்போது காணிக்கு 15 கிலோ யூரியா போதும். கார்த்திகை மேகமூட்டத்தில், வெயிலே படாத வாரத்தில் அதிகம் போட்டால் புல்லில் நைட்ரேட் சேரும். காயவைத்தாலும் அது போகாது. அப்படிக் கருகருவென்று வளர்ந்த புல்லைப் பசித்த மாட்டுக்கு வயிறு நிறையப் போடக்கூடாது.

மேய்ச்சல்

முதல் வருடம் மாட்டை உள்ளே விடாதீர்கள். இரண்டாம் வருடமும் விடுமுன் ஒரு தூரைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை அறுந்தால் விடலாம், வேரோடு வந்தால் மாட்டின் நாக்கும் அதையேதான் செய்யும். காணியை 22 சென்டாக ஆறு பிரிவு ஆக்கி, இரண்டு மாட்டை ஒரு பிரிவில் ஐந்து நாள் வைத்து மாற்றினால் ஒவ்வொரு பிரிவுக்கும் 25 நாள் ஓய்வு கிடைக்கும். ஆடியிலிருந்து புரட்டாசி வரை இது ஓடும். மழை நின்று துளிர் வராவிட்டால் நாள் கணக்கைப் பார்க்காமல் புல்லைப் பாருங்கள், ஒரு சாண் உயரம் வராத பிரிவில் மாடு நுழையக்கூடாது. மண் சேறாக இருக்கும் நாளிலும் கூடாது, குளம்பு மிதித்த குழியில் தண்ணீர் நின்று தூர் அழுகும். கார்த்திகை அறுப்பிலிருந்து தை அறுப்பு வரை ஆறு பிரிவும் அடைப்பு.

வேலி இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. சம்பா அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகளை அவிழ்த்துவிடும் வழக்கம் இங்கே உண்டு. அறுத்த வயல் எல்லாருக்கும் பொது. உங்கள் உலர்புல் அறுப்புக்குக் காத்து நிற்பதும் அதே வாரங்களில்தான், சுற்றிலும் வைக்கோல் நிறமாக இருக்கும் ஊரில் உங்கள் காணி மட்டும் பச்சையாகத் தெரியும். ஒரே இரவு போதும். கிளுவைப் போத்தை (உயிர்வேலிக்கு நடும் கிளை) விதைப்புக்கு முந்தைய மழையிலேயே நெருக்கி நட்டுவிடுங்கள். அது அடையும் வரை இரண்டு வருடத்துக்கு முள் அடைப்பு.

இரண்டு மாட்டுக்கு எவ்வளவு வரும்

ஒரு டன் உலர்புல், மாட்டுக்கு நாளைக்கு நான்கு கிலோ என்றால் இரண்டு மாட்டுக்கு 125 நாள். பங்குனியிலிருந்து ஆனி வரை கோடைப் பஞ்சத்துக்கு அதில் பெரும்பகுதி போகும். முப்பது நாள் அளவையாவது ஐப்பசிக்கு ஒதுக்கிவைப்பது நல்லது, அடைமழையில் தண்ணீர் கோத்த இளம்புல்லை மட்டும் தின்று கழியும் மாட்டுக்கு வயிற்றைக் கட்டுவது இதுதான். பாதிக்குப் பாதி நெல் வைக்கோலோடு கலந்து போட்டால் இன்னும் நீளும். இந்தப் புல்லில் ஆக்சாலிக் அமிலம் உண்டு, சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கறவைக்கு நாளைக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை கட்டாயம். குதிரை வைத்திருப்பவர்கள் இதை முழுத் தீவனமாகக் கொடுக்கவே கூடாது.

நான்காம், ஐந்தாம் வருடத்தில் தூரின் நடு செத்து வளையம் வளையமாக நிற்கத் தொடங்கும். அப்போது முழுதாக உழுதுவிடத் தேவையில்லை. ஆடி மழையில் வரிசைக்கு இடையே ஒருமுறை ஆழமாகக் கலப்பை ஓட்டி, தொழு உரம் போட்டு, உதிர்ந்த விதை முளைத்து வரும் வரை இரண்டு மாதம் மாட்டை வெளியே வைத்தால் போதும். அந்த வருட ஐப்பசி அறுப்பை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.